வலைக்கொட்டகைப் புழுக்கை

காந்தா அண்ணிக்கு எலி என்றால் அருவருப்பு கிடையாது. அரைகுறையாகக் காய்ந்த கருவாடு என்றால்தான் ஆகாது. பதம் தப்பின வாளை மீனை யாராவது அவர் காயவைக்கும் தட்டியில் கொண்டுவந்து கொட்டினால், அள்ளி அவர்கள் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிடுவார். "வெயிலு காட்டாத மீன எங்கிட்ட எடுத்தாராதமே. உன் ஊட்லயே ஆக்கித் துன்னு" என்பார். இந்த வாயால் குப்பத்தில் அவருக்குச் சிநேகிதம் குறைவு. ஆனால் அவர் போடும் கருவாட்டை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

நான் சிங்காரம். பழவேற்காடு பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அண்ணியின் புருஷன் தருமலிங்கம் என் பெரியப்பா மகன். கடையில் மெஷின் ஓடுவதைவிட ஓடாத நேரம் அதிகம் என்பதால், எனக்கு வேலையே இல்லை என்று ஊரில் ஒரு நினைப்பு. மனு எழுத, ஆதார் திருத்த, மெயில் பார்த்துச் சொல்ல என்று எல்லாவற்றுக்கும் "சிங்காரம் சும்மாத்தானே கீறான்" என்று வந்து நிற்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். என்ன செய்வது, சொந்த ஜனம். அண்ணியின் விவகாரம் எனக்கு இவ்வளவு தெரிய வந்ததும் அந்த வழியில்தான்.

அவர் பிறந்தது பசியாவரத்தில். எட்டாவது வரை படித்தார், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி எங்கள் குப்பத்துக்கு வந்தார். கோட்டைக்குப்பத்தைத் தாண்டி, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் ஏரியுமாக இருக்கிற மணல்மேட்டில் நூற்றுச் சொச்சம் வீடுகள், அவ்வளவுதான் எங்கள் ஊர். ஆறு வருஷத்துக்கு முன்னால் கயிறு இழுக்கும்போது அண்ணனுக்கு முட்டி பிசகியது. அதிலிருந்து அவரால் படகில் நிற்க முடியாது, உட்கார்ந்த இடத்தில் வலை பின்னுவார். வீடு ஓடுவதும், மகள் வெண்ணிலா பொன்னேரியில் காலேஜ் படிப்பதும் அண்ணியின் கருவாட்டுக் கொட்டகையால்தான். கீற்றுக் கொட்டகை, அதன் முன்னால் பத்துப் பன்னிரண்டு மூங்கில் தட்டிகள். எதிரே இருபது அடி தள்ளி ஊர்ப் பொது வலைக்கொட்டகை.

போன தை மாதம் சென்னையிலிருந்து ஐஸ்வர்யா என்று ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் என்னென்ன எலிகள் இருக்கின்றன என்று கணக்கெடுப்பு. முதலில் பொறி வைத்துப் பார்த்தாள். நண்டும் மூஞ்சூறும்தான் விழுந்தன. பிறகு பொறியை ஓரம் கட்டிவிட்டுப் புழுக்கையைச் சேகரிக்க ஆரம்பித்தாள். எலி எந்தெந்த வழியில் ஓடும் என்று தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றாள். அண்ணி போய் நின்றார். குப்பத்தில் சிரிக்காத ஆள் இல்லை. "இன்னா காந்தா, கருவாட்ட உட்டுட்டு புழுக்க யாவாரத்துல எறங்கிட்டியா?" என்று வழியில் மறித்துக் கலாய்த்தார்கள். அண்ணி, "உன் ஊட்லதான் நெறய கெடக்குதாம், வரட்டா?" என்று கேட்டதும் கலாய்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவருக்கு அந்த வேலை பிடித்துப் போயிற்று. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் போட்டு, இடம், தேதி, நேரம் எல்லாம் அந்த அச்சுக் கையெழுத்தில் எழுதி ஒட்டுவார். புழுக்கையைப் பார்த்தே இது இன்ன எலி என்று சொல்லவும் ஆரம்பித்தார். ஐஸ்வர்யா அதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"கண்ணால பார்த்துச் சொல்ல முடியாதுக்கா. பெரிய எலியோட குட்டி போடுறதும், சின்ன எலி போடுறதும் ஒரே அளவா இருக்கும். புழுக்கை வெளிய வரும்போது எலியோட குடல் தோலு துளியூண்டு ஒட்டிக்கிட்டு வரும். அதுல மரபணு இருக்கும். லேப்ல அதுல ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கி, எழுத்தெழுத்தாப் படிச்சு, தெரிஞ்ச எலிங்களோட ஒத்துப் பார்ப்போம். எது கூடப் பொருந்துதோ அந்த எலி."

"அப்ப புழுக்கைக்கு ஜாதகம் கணிக்கிறேன்னு சொல்லு" என்றார் அண்ணி.

மாசி முதல் வாரத்தில்தான் வம்பு வந்தது. ஏரியில் இறால் விழுகிற இடங்களில் ஆளாளுக்கு முறை வைத்து வலை கட்டுவதை எங்கள் பக்கம் பாடு என்போம். சீட்டுப் போட்டு முறை வரும். முறை நாளில் உன் வலை தண்ணீரில் இறங்கவில்லை என்றால் யாரும் தள்ளிப் போட்டுத் தரமாட்டார்கள். சுற்று முழுக்க முடிந்து மறுபடி உன் பெயர் வரும்வரை கரையில் உட்கார்ந்து மணலை எண்ண வேண்டியதுதான். மாரி அண்ணனுக்குப் பாடு வந்த அன்று காலை வலைக்கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால், வலை மூன்று இடத்தில் ஆள் நுழைகிற அளவுக்குக் குதறிக் கிடந்தது. சுற்றிலும் புழுக்கை.

மாரியின் சம்சாரம் கோவிந்தம்மா அங்கிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "எல்லாம் இவ கருவாட்டு நாத்தத்துக்கு வர்ற எலி! ஊரு எலியெல்லாம் கூட்டியாந்து ஊட்ல வெச்சி வளக்குறா! என் புருஷன் பாடு போச்சே, அத்த இவளா தருவா?"

சும்மா சொல்லக்கூடாது, அவள் வயிற்றெரிச்சலிலும் நியாயம் இருந்தது. அந்தப் பாட்டை நம்பி அந்த வீட்டில் நாலு உயிர்.

ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். ஆண்கள் உட்காருவார்கள், பெண்கள் பின்னால் நிற்பார்கள். பெண்கள் கூட்டத்தில் பேசுகிற வழக்கம் இல்லை. இந்தக் காலத்திலும் இப்படி ஒரு வழக்கம், அதைக் கேட்க நாதி இல்லை. தலைவர் தமிழ்வாணன், கருவாட்டுக் கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும் என்றார். அண்ணி பின்னாலிருந்து முன்னே வந்தார்.

"வலையக் கடிச்சது என் கொட்டகை எலி இல்ல. என்னுது வேற, அது வேற. ரெண்டு எடத்துப் புழுக்கையும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பறேன். ஒரே எலின்னு வந்துச்சின்னா நானே கொட்டகையப் பிரிக்கிறேன். வேற வேறன்னு வந்துச்சின்னா இன்னா சொல்றீங்க?"

தலைவர் யோசித்தார். "சரி, பேப்பர் வரட்டும். சித்திரை பொறக்கற வரைக்கும் டைமு. அதுக்குள்ள நீ சொல்றது நெசம்னு வரலன்னா கொட்டகை இருக்காது."

அன்றைக்கே அண்ணி இரண்டு இடத்திலும் புழுக்கை எடுத்தார். தன் கொட்டகையில் கிடந்தது பன்னிரண்டு குப்பி. அது பெரிய விஷயமில்லை, எந்த எலி என்று அவருக்குத்தான் தெரியுமே. எடுத்தபடியே குப்பியில் போட்டு மூடினார். வலைக்கொட்டகையில் எடுத்தது ஒன்பது குப்பி. அதில்தான் வீடு, மகள் படிப்பு, மானம் எல்லாம் இருந்தது. ஐஸ்வர்யா அந்த வாரம் ஊரில் இல்லை. "ஈரம் மட்டும் கூடவே கூடாதுக்கா, ஈரம் இருந்தா கெட்டுடும்" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஈரத்தை உறிஞ்ச ஒவ்வொரு குப்பிக்குள்ளும் நீலக் குருணை போட்டுக் கொடுத்திருந்தாள். அந்தக் குருணையை அண்ணி நம்பவில்லை. கெடக்கூடாத பொருளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இருபத்தெட்டு வருஷமாகச் செய்துகொண்டிருப்பவருக்கு, மிட்டாய் கலரில் ஒரு குருணை வந்து பாடம் எடுக்குமா?

வெள்ளைத் துணி விரித்து, ஒன்பதையும் தனித்தனியாகப் பரப்பி, உப்பு தூவி, தட்டியின் மேல் வெயிலில் வைத்தார். இரண்டு நாள். மத்தியானம் திருப்பிப் போட்டார். காக்கா வராமல் அண்ணனை அங்கேயே உட்கார வைத்தார். நானே அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. சொல்லப் போனால், அண்ணி எவ்வளவு உஷார் என்றுதான் நினைத்தேன்.

குப்பிகளைக் கூரியரில் அனுப்பி மூன்று வாரம் கழித்து என் கடை மெயிலுக்கு ரிசல்ட் வந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அண்ணி கடை வாசலில் நின்றே படித்தார். கருவாட்டுக் கொட்டகை, பன்னிரண்டு குப்பி: பதினொன்று வீட்டெலி, ஒன்று சுண்டெலி. வலைக்கொட்டகை, ஒன்பது குப்பி: முடிவு கிடைக்கவில்லை. ஒன்பதுக்கும் அதே வரி.

ஐஸ்வர்யாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஒன்னுலகூட மரபணு உருப்படியா இல்லக்கா. எல்லாம் துண்டு துண்டா ஒடைஞ்சு போயிருக்கு. கடும் வெயில் பட்டா இப்படி ஆகும். வெயில்ல எதாவது வெச்சீங்களா?"

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "இல்லியே" என்றார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க அக்கா."

"இல்லம்மா. எடுத்தேன், போட்டேன், மூடினேன்."

போனை வைத்தேன். அண்ணி பேப்பரை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே போனார். வெயில் காட்டாத மீனைத் தொடமாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர், வெயில் காட்டியதால் கெட்டுப் போயிற்று என்று எந்த வாயால் சொல்வார்? எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஊருக்கு அந்தப் பேப்பர் நல்ல தீனி. அண்ணியின் கொட்டகையில் எலி இருக்கிறது என்பது இப்போது ஆதாரத்தோடு நிரூபணம் ஆகிவிட்டது. வலைக்கொட்டகைப் புழுக்கைக்கோ முடிவே வரவில்லை. "அந்தப் பொண்ணு டெஸ்டே டுபாக்கூரு" என்று தலைவர் டீக்கடையில் சொன்னார். ஐஸ்வர்யா அடுத்த முறை வந்தபோது சின்னப் பிள்ளைகள்கூட அவள் பின்னால் "புழுக்க டாக்டர், புழுக்க டாக்டர்" என்று ஓடினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டு தட்டி ஓரத்தில் நின்றார்.

பங்குனி நடுவில் மறுபடியும் வலை கடிபட்டது. இந்தத் தடவை சிவகுமாருடையது. வலைக்கொட்டகையில் கத்தல் கேட்டதும் அண்ணி குப்பிகளோடு ஓடினார். கோவிந்தம்மா வாசலில் நின்று, "வந்துட்டா பாரு, இன்னா மூஞ்ச வெச்சிகினு வர்றா!" என்றாள். அண்ணி ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அவர் வாழ்க்கையில் அது ஒரு புதுமை. பதினாலு குப்பி எடுத்தார். எடுத்ததை அப்படியே நீலக் குருணையின் மேல் போட்டு மூடினார். முதல் பஸ்ஸில் என் கடைக்கு வந்து, அன்றைக்கே கூரியரில் அனுப்பச் சொன்னார். வெயில் படாமல் குப்பிப் பெட்டியை ஈரமில்லாத கோணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தார்.

"அண்ணி, இந்தத் தடவ..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாத. அனுப்பு" என்றார்.

சித்திரைக்கு மூன்று நாள் இருக்கும்போது ரிசல்ட் வந்தது. பதினாலில் இரண்டு தேறவில்லை. மற்ற பன்னிரண்டும் வரப்பெலி. வீட்டெலி ஒன்றுகூட இல்லை. நெல்வயல் வரப்பில் வளை தோண்டி இருக்கும் எலி அது. எங்கள் மணலில் நெல் ஏது? ஐஸ்வர்யா நேரிலேயே வந்துவிட்டாள். வலைக்கொட்டகைக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றினாள், குனிந்து தரையைப் பார்த்தாள், "இந்த வைக்கோல் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள்.

போன ஐப்பசி மழையில் தரை ஊறி வலையெல்லாம் ஈரமாகிறது என்று, மேற்கே நெல் விளைகிற ஊர்களிலிருந்து இரண்டு டிராக்டர் வைக்கோல் கொண்டுவந்து வலைகளுக்கு அடியில் பரப்பியிருந்தார்கள். தலைவரின் யோசனை. வைக்கோலோடு பாதி உதிராத நெல்லும் வந்திருந்தது. அதோடு எலியும் வந்திருக்கிறது. பின்பக்கத்து மண்மேட்டில் ஐஸ்வர்யா ஏழு வளை காட்டினாள்.

மறுநாள் காலை கூட்டம். ஐஸ்வர்யாவை நின்று பேசச் சொன்னார்கள். அவள் மரபணு என்று ஆரம்பித்ததுமே தலைவர் கையை உயர்த்தினார்.

"இரும்மா. மொத தடவ ஒம்போது அனுப்பிச்சிது. ஒன்னும் வரலன்னு சொன்னீங்க. இப்ப ரெண்டாவது தடவ மட்டும் காந்தாவுக்கு இன்னா வேணுமோ அது கரெக்டா வந்துச்சா? அப்ப வேல செய்யாத மெஷினு இப்ப எப்டி வேல செய்யுது? நாங்க இன்னா கேணையனுங்களா?"

உண்மையைச் சொன்னால், தலைவர் கேட்டதில் பாயிண்ட் இருந்தது. யாராக இருந்தாலும் கேட்பான். ஐஸ்வர்யா பதில் சொல்லப் பார்த்தாள். முதல் தடவை மாதிரிகள் கெட்டிருந்தன, ஏன் கெட்டன என்று தனக்கே தெரியவில்லை என்றாள். "தெரியலையாமே!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கையிலிருந்த பேப்பரை மடிக்க ஆரம்பித்தாள். அதை மடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது, நாளைக்கு மறுநாள் கொட்டகையைப் பிரிக்க வேண்டியதுதான். நான் அண்ணியைப் பார்த்தேன். சொல்லிவிடு, சொல்லித் தொலை என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

அண்ணி முன்னே வந்தார்.

"மெஷினு மேல தப்பு இல்ல" என்றார். "அந்தப் பொண்ணு மேலயும் தப்பு இல்ல. மொத தடவ எடுத்தத நான்தான் கெடுத்தேன்."

"நீ இன்னா பண்ண?"

"வெயில்ல காயப்போட்டேன்."

அண்ணி ஐஸ்வர்யா பக்கம் திரும்பினார்.

"ஈரம் கூடாதுன்னு சொன்னியேம்மா. உப்பு தூவி ரெண்டு நாளு வெயில்ல வெச்சேன். நல்லா இருக்கணும்னுதான் வெச்சேன். நீ போன்ல கேட்ட. இல்லேன்னு பொய் சொன்னேன். மானம் போயிடும்னு சொன்னேன். உன்ன இவங்கல்லாம் கலாய்க்கறத பாத்துகினும் சும்மா இருந்தேன். இதுக்கு மேல என்னால ஆவாது."

தலைவர் தாடையைச் சொறிந்தார். இதை நம்புவதா, இதுவும் ஒரு ஜோடனையா என்று அவர் முகத்தில் ஓடியது. பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கோவிந்தம்மா. இரண்டு மாதமாக அண்ணியைத் தெருவில் நிற்க விடாமல் திட்டியவள்.

"பின்ன இன்னா? காயப்போடாம அப்டியேவா டப்பால போட்டு அடைப்பாங்க? நாறிப் பூடாது? நானா இருந்தாலும் உப்பு போட்டு வெயில்லதான் வெச்சிருப்பேன்!"

அதுவரை கூட்டத்தில் வாய் திறக்காத பெண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அதானே என்றாள் ஒருத்தி. ஈரம் கூடாதுன்னா வெயிலு, இத்துல இன்னா தப்பு என்றாள் இன்னொருத்தி. தலைவரின் சம்சாரம் இந்திராணி, "மாசி வெயிலுக்கு ரெண்டு நாளு பத்தாதே, மூணு நாளு வேணுமே" என்றாள். தலைவர் தன் சம்சாரத்தைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் சந்தேகப்பட முடியவில்லை. இந்த ஊரில் வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் ஜோடனை என்று சொல்லியிருப்பார்கள்.

"சரி, சரி. சாயந்தரத்துக்குள்ள வைக்கோல அள்ளிக் கொளுத்துங்க. வளைய அடைங்க. கொட்டகை இருக்கட்டும்" என்றார். ஐஸ்வர்யாவைப் பார்த்து, "கோச்சிக்காதம்மா" என்று முனகிவிட்டு எழுந்து போனார்.

அண்ணி நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். கொட்டகையைப் பிரி என்று தீர்ப்புச் சொன்ன அன்றும் அழாதவர், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். ஐஸ்வர்யா என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். ஆண்கள் கலைந்து போனார்கள். கோவிந்தம்மா வந்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழவிட்டாள்.

"சரி அழாதமே" என்றாள் பிறகு. "எம்மாம் உப்பு போட்ட?"

அண்ணி முந்தானைக்குள்ளிருந்தே சொன்னார்: "ஒரு சிட்டிகதான்."